கேட்காமல் வாங்கிய உத்தரவு

என் அப்பாவிடம் சின்னச் சின்னப் பொய்கள் எத்தனையோ சொல்லியிருக்கிறேன். மீன் இன்றைக்குப் பிடித்ததுதான் என்று, தலைவலி விட்டுவிட்டது என்று, பள்ளிக்கூடத்தில் யாரோடும் சண்டை போடவில்லை என்று. சனிக்கிழமை சாயங்காலம் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்கால் போட்டு அவற்றைச் சொல்லிவிடுவேன். பங்குச் சாமியார் மூன்று 'அருள் நிறைந்த மரியே' மந்திரம் சொல்லச் சொல்வார். அதோடு முடிந்தது. ஒரு பொய் மட்டும் அப்படி முடியவில்லை. இன்றைக்கும் நிலவேம்பு கொதிக்கிற வாசனை எந்த வீட்டிலிருந்து வந்தாலும் அந்த வாசலைத் தாண்டும் வரை வேகமாக நடக்கிறேன்.

யுத்த காலம் அது. சாந்தோமில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. நானும் அப்பாவும் மட்டும்தான். அம்மா போய்ப் பதினாறு வருஷம். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆகவில்லை என்ன, பெண் பார்க்க வந்த இரண்டு பேரையும் நானே பேசித் துரத்தினேன். மயிலாப்பூரில் ஒரு பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் எனக்கு வைத்த பேர் மிளகாய் டீச்சர். அப்பா ஓர் அச்சாபீஸில் நாற்பது வருஷம் புரூப் பார்த்துவிட்டு ஓய்ந்தவர். பிறத்தியார் செய்த பிழையைத் தேடியே காலம் கழித்த மனுஷர், தன் பிழையையும் அப்படியே தேடுவார். கைரிக்‌ஷாவில் ஏற மாட்டார். "மனுஷன் மேல மனுஷன் சவாரி பண்றதா?" என்பார். ஒரு நாள் கோயிலுக்குப் போகிற வழியில் வாய்க்குள் கொசு போய்விட்டது என்று நன்மை வாங்காமல் திரும்பி வந்துவிட்டார்.

நன்மை என்று நாங்கள் சொல்வது பூசையில் கொடுக்கும் நற்கருணையை. அந்தக் காலத்தில் அதற்குச் சட்டம் பலம். நடுச்சாமத்துக்குப் பிறகு பச்சைத் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்கக் கூடாது. மருந்தும் கூடாது. அம்மா செத்த மறுநாளிலிருந்து அப்பா ஐந்தரை மணிப் பூசைக்குப் போய் அம்மாவின் ஆத்துமத்துக்காக நன்மை வாங்கிக்கொண்டு வந்தார். படுக்கையில் கிடந்த நாட்களையும் அந்தக் கொசு நாளையும் விட்டால் ஒரு நாள் தவறியதில்லை. அந்தப் பழக்கத்தில்தான் அவர் உயிரோடு இருந்தார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன், அதுதான் கொடுமை.

அப்பாவுக்கு எழுபதை ஒட்டி வயசானதும் ஒவ்வொரு ஐப்பசியிலும் நெஞ்சில் சளி கட்ட ஆரம்பித்தது. நான் சொல்லப்போகிற வருஷத்துக்கு முந்தின மழையில் ஆறு வாரம் படுத்துவிட்டார். சாமியார் வந்து, சாகக் கிடக்கிறவர்களுக்குப் பூசும் அவஸ்தைத் தைலத்தைப் பூசிவிட்டுப் போனார். எப்படியோ பிழைத்தார். இங்கிலீஷ் மருந்து கிடைப்பதே குதிரைக் கொம்பாக இருந்த நாள். பார்த்த டாக்டர் வாசல் வரை வந்து என்னிடம் தனியாகச் சொன்னார்: "வயசாயிட்டா உடம்புல எதிர்த்து நிக்கற சக்தி கொறஞ்சு போயிடும்மா. இன்னொரு மழைக்காலம் இப்படி வந்தா நெஞ்சு தாங்காது." நான் தலையை ஆட்டினேன். உள்ளே வந்து பாத்திரங்களைப் போட்டு உடைக்கிற மாதிரி துலக்கினேன். அப்பாவும் போய்விட்டால் அந்த வீட்டில் நான் யாரோடு சண்டை போடுவது?

பள்ளிக்கூடத்தில் என்னோடு வேலை பார்த்த மயிலாப்பூர் அம்மாள் ஒருத்தி இதைக் கேட்டுவிட்டு, "எங்காத்துல மாமனாரை ஒரு சித்த வைத்தியர்தான் பாத்துண்டு வரார். மூணு வருஷமா ஒரு தும்மல் கெடையாது. நீ போய்ப் பாரேன்" என்றாள். போனேன். குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. வைத்தியர் கனத்த சரீரம், வெற்றிலை வாய். ஆளைக் கூட்டி வரவில்லையா என்று கேட்டார். அவ்வளவு தூரம் நடக்கத் தெம்பில்லை, வண்டியிலும் ஏற மாட்டார் என்றேன். சளியின் நிறம், தூக்கம், பசி, நாக்கு என்று இருபது கேள்வி கேட்டார்.

"வந்த நோயை வெரட்டறது வேற, நோய் வராம ஒடம்புக்கு ஒரம் போடறது வேற," என்றார். "பெரியவருக்கு ரெண்டாவதுதான் வேணும். மழைக்கு முந்தியே தொடங்கிடணும். ஒரு மண்டலம், நாப்பத்தெட்டு நாள். விடிகாலைல, வெறும் வயித்துல. நடுவுல ஒரு நாள் விட்டாலும் மொதல்லேருந்து."

நிலவேம்பு, ஆடாதோடை இலை, சீந்தில் தண்டு, சுக்கு, மிளகு, திப்பிலி. எட்டுப் பங்கு தண்ணீர் விட்டு ஒரு பங்காகச் சுண்டக் காய்ச்ச வேண்டும். அந்தக் கஷாயத்தைக் குடிநீர் என்றுதான் அவர் சொன்னார். சீந்தில் மட்டும் வேப்ப மரத்தில் படர்ந்ததாக இருந்தால் விசேஷம் என்றார். எங்கள் பள்ளிக்கூட வேம்பில் அது ஏறிக் கிடந்தது. நானே அரிவாள்மணையோடு போய் அறுத்தேன்.

வைத்தியர் "விடிகாலைல" என்றபோதே எனக்குச் சுருக்கென்றது. பூசை என்று ஒன்று இருக்கிறது, அதற்குப் பிறகு கொடுக்கலாமா என்று வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். நாக்கு வரை வந்தது. ஆனால் சுவரெல்லாம் சாமி படம், நெற்றி நிறைய விபூதி. எங்கள் நன்மையை இவரிடம் எப்படி விளக்குவது, சிரித்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு வெட்கம். வாயை மூடிக்கொண்டு மருந்துப் பொட்டலத்தோடு வந்தேன்.

அப்பா பொட்டலத்தை முகர்ந்து பார்த்தார். "குடிக்கறேன். ஆனா பூசைக்கு முன்னாடின்னா நன்மை வாங்க முடியாதே."

"நாப்பத்தெட்டு நாள்தானேப்பா."

"உங்கம்மாவை நாப்பத்தெட்டு நாள் பட்டினி போடச் சொல்றியா?"

நான் கத்தினேன். நீங்கள் போய்விட்டால் எனக்கு யார் என்று கத்தினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு மெல்ல, "பெரியவங்க உத்தரவு குடுத்தா செய்யலாம். நீ போய் சாமியாரைக் கேளு. அவர் சரின்னா எனக்குச் சரி. எனக்காக நானே போய்ச் சலுகை கேக்கக் கூச்சமா இருக்கு" என்றார்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் சாமியார் பங்களாவுக்குப் போனேன். சாமியார் ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தார். காத்திருந்தேன். பெஞ்சில் உட்கார உட்கார எனக்குப் பயம் ஏறியது. போன ஞாயிறுதான் அவர் பிரசங்கத்தில் தாயத்து, மந்திரம், நாட்டு வைத்தியர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வறுத்து எடுத்திருந்தார். நான் அந்த வைத்தியர் பேரை எடுத்தால் என்ன சொல்வார்? முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் தீர்ந்தது, அப்பா அந்தக் குடிநீரைத் தொட மாட்டார். கேட்டால்தானே முடியாது என்பார்? கேட்காவிட்டால்? வைத்தியரிடம் பூசையைச் சொல்ல வெட்கம், சாமியாரிடம் வைத்தியரைச் சொல்லப் பயம். அரை மணி நேரம் இருந்திருப்பேன். எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா, "என்னம்மா சொன்னார்?" என்றார்.

"உத்தரவு குடுத்துட்டார்."

செருப்பைக்கூட நான் இன்னும் கழற்றவில்லை.

புரட்டாசி பிறந்ததும் ஆரம்பித்தோம். நாலு மணிக்கு அடுப்பு மூட்டுவேன். வீடு முழுக்கக் கசப்பு வாசனை. நாலே முக்காலுக்கு அப்பா வந்து நிற்பார். டம்ளரைக் கையில் வாங்கி, சிலுவை போட்டுக்கொண்டு, ஒரே மூச்சில் குடிப்பார். குடித்து முடித்ததும் கண்ணை மூடி ஓர் அருள் நிறைந்த மந்திரம் சொல்வார். முதல் நாள் யாருக்காக என்று கேட்டுத் தொலைத்தேன். "சாமியாருக்காக. இந்த வயசானவன் மேல எரக்கப்பட்டாரே" என்றார். சேசுவே! தினமும், எனக்கு எதிரிலேயே. நான் அடுப்பைக் குனிந்து ஊதுவேன், அணைந்த அடுப்பையும் ஊதுவேன்.

பிறகு கோயில். அப்பா குடிநீரை வயிற்றில் வைத்துக்கொண்டு பீடத்துக்கு முன்னால் கிராதியில் முழங்கால் போட்டு நன்மைக்கு நாக்கை நீட்டுவார். நான் பட்டினி வயிற்றோடு பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பேன். இந்தப் பாவத்தைச் சொல்லாமல் நான் எப்படி நன்மை வாங்குவது? சொன்னால் சாமியார் முதலில் என்ன சொல்வார்? போய் உன் அப்பாவிடம் உண்மையைச் சொல் என்பார். அதனால் சனிக்கிழமைகளில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவதையும் நிறுத்தினேன். நாலைந்து நாள் பார்த்துவிட்டு அப்பா, "ஏம்மா நீ நன்மை வாங்கலே?" என்றார். "அடுப்பு மூட்டினதும் மறந்து மறந்து காபி குடிச்சிடறேன்ப்பா" என்றேன். "பத்திரமா இருக்கணும்மா," என்று எனக்காக வருத்தப்பட்டார். அவர் வருத்தப்பட்டது என்னை அடித்த மாதிரி இருந்தது.

ஐப்பசியில் மழை பிடித்தது. பட்டினப்பாக்கத்தில் மீன்காரர்கள் குடிசை வாசல் வரை தண்ணீர். தெருவில் பாதிப் பேர் இருமினார்கள். அப்பா இருமவில்லை. நான் ராத்திரி படுக்கையில் காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பேன். மூச்சு சீராக வரும். ஒரு பக்கம் அழுகையாக வரும், ஒரு பக்கம், பார்த்தாயா நான் செய்தது சரிதான் என்று ஓர் அகங்காரம். அந்த அகங்காரத்தை நினைத்தால்தான் இப்போது அதிகம் வெட்கமாக இருக்கிறது.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். என் புளுகு முப்பத்தேழு நாள் தாங்கியது. அப்பாவோடு ஒரே பெஞ்சில் உட்காரும் பெரியவர் ஒருவர், தபால்காரராக இருந்து ஓய்ந்தவர், அவருக்கும் நெஞ்சுச் சளி. அப்பா தன் குடிநீர்க் கதையை அவருக்கு ஆசையாகச் சொல்லியிருக்கிறார். நீயும் போய் உத்தரவு கேள், சாமியார் தங்கமான மனுஷர் என்று அனுப்பியிருக்கிறார். அன்றைக்குப் பூசை முடிந்து நானும் அப்பாவும் வீட்டுக்கு வந்த கொஞ்ச நேரத்தில் அவர் குடையிலும் நனைந்துகொண்டு வந்தார். தபால்காரர் குடையை மடக்காமலே ஆரம்பித்தார்.

"இன்னாபா, ஒனக்கு ஒரு நாயம் எனக்கு ஒரு நாயமா? இப்பதான் சாமியாராண்ட கேட்டுகினு வர்றேன். அந்த மாதிரி நான் யாருக்கும் சொல்லவே இல்லியேன்றாரு. ஒனக்கு மட்டும் எப்டி குட்தாரு? அதுல இன்னா ரகசியம் கீது?"

அப்பா என்னைப் பார்த்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற சாமர்த்தியம் எனக்கு அப்போது வரவில்லை. தபால்காரர் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சரிபா, நான் அப்பால வர்றேன்" என்று மழையிலேயே போய்விட்டார்.

"நீ போனியா?" என்றார் அப்பா.

"போனேன்."

"பாத்தியா அவரை?"

"பாக்கலே."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், அதற்குத் தயாராகத்தான் நின்றேன். "முப்பத்தேழு நாள்," என்றார். "முப்பத்தேழு நாளும் நான் அவங்கம்மாவுக்காக, உங்கம்மாவுக்காகன்னு..." வார்த்தை குழறியது, அப்பாவுக்கு வார்த்தை குழறி நான் பார்த்ததே இல்லை. நான் அவர் காலைப் பிடித்தேன். என் தலையைத் தொட்டு, "மன்னிச்சிட்டேம்மா, எழுந்திரு. போய் சாமியாரைப் பாரு" என்றார். உண்மையாகவே மன்னித்தார். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

அன்றைக்கே போனேன். சாமியார் எல்லாவற்றையும் கேட்டார். உன் அப்பா மேல் பாவமே இல்லை, தெரியாமல் செய்தார், அவரிடம் நானே சொல்கிறேன் என்றார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார், சாதாரணமாக. "அந்த மருந்தைப் பூசை முடிஞ்சு வந்து குடிச்சா ஆகாதா? வைத்தியரைக் கேட்டியா?"

"கேக்கலே சாமி."

"ஏன்?"

அங்கிருந்து நேரே மயிலாப்பூருக்கு நடந்தேன். வைத்தியர் திண்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முதல் தடவையாக அவரிடம் பூசையைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "பெரியவர் தெய்வத்துக்கு வெறும் வயித்தோட போறாரு, எவ்வளவு ஒசத்தி! சொல்லியிருந்தா ஏழு மணிக்குக் குடுங்கன்னு சொல்லியிருப்பேனே. வெறும் வயிறுதாம்மா முக்கியம், மணியா முக்கியம்?" என்றார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அந்தச் சந்திலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். போகிற வருகிறவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று அழுதேன்.

அந்த வருஷ மழை அப்பாவை ஒன்றும் செய்யவில்லை. மருந்தாலா, கடவுளாலா, எனக்குத் தெரியாது. மிச்சம் பதினோரு நாளை அவர் குடிக்கவில்லை. சாமியார் வந்து சமாதானம் சொன்ன பிறகு மறுபடி நன்மை வாங்கத் தொடங்கினார். என்னோடு எப்போதும்போலப் பேசினார், நான் சமைத்ததைச் சாப்பிட்டார், மீன் ருசி என்றார். ஆனால் விடியற்காலையில் நான் வாய் கொப்பளிக்கக் கொடுக்கும் செம்பை மட்டும் வாங்க மாட்டார். "இருக்கட்டும்மா" என்று தானே போய்க் குழாயடியில் கொப்பளித்துவிட்டு வருவார். காபி டம்ளரை நீட்டினால், "இதுல வேற ஒண்ணும் இல்லியே?" என்பார். கோபத்தில் இல்லை, குத்திக் காட்டவும் இல்லை. புரூப் பார்க்கிறவர் ஒரு முறை தப்பு கண்ட பக்கத்தைத் திரும்பப் படிக்கிற மாதிரிதான்.

அடுத்த வருஷம் ஆவணி கடைசியில் சீந்தில் அறுத்துக் கொண்டுவந்து, காய்ச்சி, டம்ளரில் ஊற்றி நீட்டினேன். ஏழு மணிக்கு, பூசை முடிந்து வந்த பிறகு, ஒரு தடையும் இல்லை என்று வைத்தியரே சொன்னார் என்றேன்.

அப்பா டம்ளரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "வைத்தியர் சொன்னார்னு நீ சொல்றே."

"சத்தியமா சொன்னார்ப்பா."

"சாமியார் சொன்னார்னும் நீதாம்மா சொன்னே."

"நான் அந்த வைத்தியரையே இங்க கூட்டிட்டு வரேன். நீங்களே கேளுங்க."

"வேணாம்மா," என்றார். "அந்த மனுஷனையும் எனக்காகப் பொய் சொல்ல வெச்சிடாதே."

நான் உண்மையைத்தான் கொண்டுபோய் நீட்டினேன். அதைப் பொய் சொன்ன கையால் நீட்டினேன். என்னதான் சண்டை போட்டும், சாப்பிடாமல் கிடந்தும், தபால்காரரை விட்டுச் சொல்லச் சொல்லியும் அவர் வாங்கவில்லை. சாமியாரையே சொல்லச் சொல்லலாம் என்று ஓடினால், அவரை வெளியூருக்கு மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்தவருக்கு இந்தக் கதையே தெரியாது. திரும்பவும் முதலிலிருந்து யாரிடமும் சொல்ல எனக்கு முகம் இல்லாமல் போயிற்று. அதுவும் என் தப்புதான். காய்ச்சிய குடிநீரைத் தினமும் சாக்கடையில் ஊற்றினேன்.

கார்த்திகையில் சளி கட்டியது. டாக்டர் சொன்னபடியே நெஞ்சு தாங்கவில்லை. பன்னிரண்டாம் நாள் காலை, ஒன்பது மணி இருக்கும், புதுச் சாமியார் நன்மையும் அவஸ்தைத் தைலமும் கொண்டு வந்தார். சாகிறவர்களுக்குப் பட்டினிச் சட்டம் கிடையாது. நன்மையை நாக்கில் வைத்தார். அப்பாவுக்கு வாய் வறண்டு விழுங்க முடியவில்லை. நான் டம்ளரிலிருந்து ஸ்பூனில் தண்ணீர் எடுத்து உதட்டருகே கொண்டுபோனேன்.

அப்பா உதட்டை இறுக மூடிக்கொண்டார். கண் என்னைத் தாண்டிச் சாமியாரிடம் போயிற்று. சாமியார் என் கையிலிருந்த டம்ளரை வாங்கி, முதலில் தானே ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "வெறும் தண்ணிதான் பெரியவரே, குடிங்க" என்றார். அதற்குப் பிறகு அப்பா வாயைத் திறந்தார்.